ஒரு புள்ளி குறைகிறது

சிங்கப்பெருமாள் கோவிலில் மலைக்குப் பின்பக்கம் ஓர் அழிஞ்சில் மரம் இருக்கிறது. பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக்குள் பாறையோடு பாறையாக உட்கார்ந்திருப்பவர். அவரை வலம்வர வேண்டுமென்றால் மலையையே சுற்றிவர வேண்டும். சின்ன மலைதான், வயதானவர்கள்கூட மெதுவாகச் சுற்றிவிடுவார்கள். அந்தப் பாதையில் நிற்கிறது மரம். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்களும் குழந்தை வேண்டுகிற பெண்களும் அதன் கிளையில் துணித்துண்டை முடிந்துவிட்டுப் போவார்கள். எனக்காக அம்மா இரண்டு முறை முடிந்திருக்கிறாள். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. படம் வரைவது என் தொழில். ஆனாலும் நாற்பது வயதுவரை அந்த மரத்தை ஒருமுறைகூட நான் வரைந்ததில்லை.

துணி கட்டிய மரத்தை நான் முதன்முதலில் வரைந்தது அயர்லாந்தில். இது எனக்கு வெகுநாள் உறுத்தலாக இருந்தது. அந்த உறுத்தலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2022இல் எனக்குக் கை வறண்டுபோயிருந்தது. குழந்தைகள் புத்தகங்களுக்கும் துணைப்பாட நூல்களுக்கும் படம் போட்டுப் பிழைப்பவள் நான். செங்கல்பட்டு மின்சார ரயிலில் போக வர நாளுக்கு மூன்று மணி நேரம். வரைந்த யானையையே வரைந்தேன், வரைந்த பாட்டியையே வரைந்தேன். அப்போதுதான் கெல்டிய மக்களின் பருவ விழாக்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தங்கை அயர்லாந்தின் கார்க் நகரில் நர்ஸாக இருக்கிறாள். அவள் அனுப்பிய புத்தகங்களில் தொடங்கியது அந்தப் பழக்கம்.

பழைய ஐரிஷ் ஆண்டுக்கு நான்கு வாசல்கள். நவம்பர் 1 சௌவின், பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்தானே, ஆகஸ்ட் 1 லூனசா. இப்போது கடைகளில் விற்கும் எட்டு ஆரச் சக்கரம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் சேர்த்துக் கட்டியது; இந்த நான்கும்தான் பழையவை. சௌவினில் இருட்டுக்காலம் தொடங்குகிறது. இம்போல்க் வரும்போது சினையான ஆடுகளுக்கு மடியில் பால் கட்டும். அந்த நாள் பிரிஜிட்டுக்கு உரியது. பிரிஜிட் என்ற பெயரில் மூன்று சகோதரிகள் இருந்ததாகப் பழைய ஐரிஷ் சொல்லகராதி ஒன்று சொல்கிறது: ஒருத்தி கவிதைக்கு, ஒருத்தி வைத்தியத்துக்கு, ஒருத்தி கொல்லுலைக்கு. பிறகு கிறித்தவம் வந்தபோது அதே பெயரில் ஒரு புனிதையும் வந்தாள். கவிதையும் மருந்தும் இரும்பும் ஒரே பெண்பெயருக்குள் இருக்கின்றன என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கை வறண்டவளுக்கு வேறென்ன வேண்டும்?

2023 பிப்ரவரியில் தங்கை வீட்டுக்குப் போனேன். அந்த ஆண்டுதான் அயர்லாந்து அரசு பிரிஜிட்டின் பெயரில் முதல்முறையாகப் பொதுவிடுமுறை விட்டிருந்தது. அந்த நாட்டில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் பொதுவிடுமுறை அது. கோரைப் புல்லை மடித்து மடித்துப் பிரிஜிட்டின் சிலுவை முடையக் கற்றுக்கொண்டேன். ஜனவரி 31 இரவு ஒரு துணியை வெளியே போட்டு வைப்பார்கள். பிரிஜிட் நடந்துபோகையில் தொட்டு ஆசீர்வதிப்பாள், பிறகு அது தலைவலிக்கும் பிரசவ வலிக்கும் மருந்து. கேட்கக் கேட்க வரைந்தேன். ஒரு வாரத்தில் ஒரு நோட்டு தீர்ந்தது.

பிப்ரவரி 11, சனிக்கிழமை. தங்கை குடியிருந்த வீட்டின் சொந்தக்காரப் பாட்டி தன் காரில் எங்களை பாலிவோர்னி என்ற ஊருக்குக் கூட்டிப்போனாள். புனித கோப்னட்டின் திருநாள் அது. ஒன்பது வெள்ளை மான்களைப் பார்க்கும் இடத்தில் தங்கு என்று தேவதூதன் சொல்ல, ஊர் ஊராக நடந்து அந்த இடத்தைக் கண்டவள் கோப்னட். மாட்டைத் திருட வந்தவர்கள்மேல் தேனீக்களை ஏவிவிட்டவள். அவளுடைய கிணற்றையும் கல்லறையையும் பழைய தேவாலயச் சுவரையும் மக்கள் சுற்றிச்சுற்றி வருகிறார்கள். நிற்கிற இடத்துக்கு இன்ன ஜெபம், இத்தனை முறை என்று கணக்கு இருக்கிறது. கிணற்றங்கரை மரத்தில் துணி, ரிப்பன், ஜெபமாலை, குழந்தையின் ஒற்றைக் காலுறை. குளிரில் விரல் விறைக்க விறைக்க இரண்டு மணி நேரம் அந்த மரத்தை வரைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வரைந்து வருடங்கள் ஆகியிருந்தன.

பாட்டி சுற்றவில்லை. கல்சுவரில் உட்கார்ந்திருந்தாள். ஏன் நீங்கள் போகவில்லை என்று கேட்டேன். தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை பெற்றவள் தேவாலயத்துக்குப் போய்ப் பாதிரியாரிடம் ஆசி வாங்கும்வரை அவள் கையால் செய்ததைத் தொடக்கூட அந்தக் காலத்தில் சிலர் தயங்குவார்களாம். 1960கள்வரை அங்கே புழங்கிய சடங்கு அது. பிறகு மக்தலேன் சலவைக்கூடங்களைப் பற்றிச் சொன்னாள். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானவர்கள், வேண்டாதவர்களாகிப்போன பெண்கள், ஆதரவற்ற சிறுமிகள் கன்னியர் மடங்களில் அடைக்கப்பட்டுக் கூலியில்லாமல் துணி துவைத்த இடங்கள். கடைசிக் கூடம் மூடியது 1996இல். அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். பாட்டியின் பள்ளித்தோழி ஒருத்தி அப்படி ஒரு கூடத்துக்குப் போய்த் திரும்பவே இல்லையாம்.

"உனக்கு இது அழகாகத் தெரியும். நீ இங்கே வளரவில்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் நோட்டை வாங்கிப் பார்த்து, மரம் நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

திரும்பி வந்த விமானத்தில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மார்கழிக் காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் கேமராவோடு குனிந்து நிற்கும் வெளிநாட்டுப் பெண்களை நான் கிண்டல் செய்திருக்கிறேன். கோலத்தைப் பார்க்கிறாள், கோலம் போடுகிறவளின் இடுப்புவலி இவளுக்குத் தெரியுமா என்று. பாலிவோர்னியில் நானும் அப்படித்தான் குனிந்து நின்றிருக்கிறேன். அயலாருடைய மரபு நமக்கு லேசாக இருப்பதற்குக் காரணம், அதற்கான விலையை நாம் கொடுக்கவில்லை என்பதுதான். பிரிஜிட் என்னை ஒருநாளும் தூரம் என்று ஒதுக்கி உட்காரவைக்கவில்லை. கோப்னட்டின் கிணற்றில் என் வீட்டுப் பெண் யாரும் தடுக்கப்படவில்லை. ஆகவே அவர்களை நேசிப்பது சுலபம். சொந்த ஊர் அழிஞ்சில் மரத்தைப் பார்த்தால் மட்டும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது, பெண்பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் காபித் தட்டோடு நின்ற சாயங்காலம்.

அதைவிடக் கனமாக ஞாபகம் வந்தது அத்தை.

அப்பாவின் அக்கா. பத்தொன்பது வயதில் மதுராந்தகம் பக்கம் கல்யாணம். இருபத்து நான்கில் தாலியறுத்துத் தாய்வீட்டுக்கே வந்துவிட்டாள், பிள்ளை இல்லை. எங்களை வளர்த்தது அவள்தான். நாங்கள் பரீட்சைக்குக் கிளம்பும்போது மட்டும் யாரும் சொல்லாமலே எழுந்து உள்ளே போய்விடுவாள், எதிரில் வரக்கூடாது என்று. எங்கள் வீட்டில் அவள் வாசலில் கோலம் போடக் கூடாது. ஆனால் மார்கழி முப்பது நாளும் எங்கள் வாசலில் வந்த கோலமெல்லாம் அவளுடையவை. நாலரை மணிக்கு அம்மா வாசலில் குனிந்திருப்பாள். அத்தை நிலைப்படிக்கு உள்ளே இருட்டில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பாள். "பதினஞ்சு புள்ளி, எட்டுல நிறுத்து, இடைப்புள்ளி. இப்ப நடுவுலருந்து எடு. வளைச்சி வா. அங்க இல்ல, அதுக்கு அடுத்தது." விடிந்ததும் தெருவில் போகிறவர்கள் அம்மாவின் கையைப் புகழ்வார்கள். அம்மாவும் பாவம், எத்தனை பேரிடம் சொல்வாள்?

நாங்கள் எழுதி மிச்சம் வைத்த பள்ளி நோட்டுகளின் வெற்றுத் தாள்களில் அத்தை கோலங்களை வரைந்து வைத்திருந்தாள். பதினோரு நோட்டு. சிக்குக் கோலம், தேர், தாமரை, அன்னம். வாசல் மறுக்கப்பட்டவளுக்கு நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டுதான் வாசல்.

ஆக, என் கேள்வி இதுதான். ஒரு மரபு நம் வீட்டுப் பெண்களைக் காயப்படுத்தியிருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதன் அழகை எடுத்துக்கொண்டு படைக்கலாமா? எடுக்கலாமென்றால் எந்த முறையில்?

எடுக்காதே, எரி என்பது ஒரு பதில். இளமையில் எனக்குப் பிடித்த பதில். போகியன்று பழம்பாயோடு இதையும் போட்டுவிடலாம். ஆடி வந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது, சித்திரை வெயிலில் பிரசவம் வந்துவிடுமென்ற பயத்தில் அவள் உடம்பை நாள்காட்டி ஆள்வது, எல்லாவற்றையும். ஆனால் எரிக்கும்போது அத்தையின் பதினோரு நோட்டும் சேர்ந்துதானே எரியும்? ஒரு பெண் தன் ஆயுள் முழுக்கச் செய்த ஒரே படைப்பை, அது அடக்குமுறையின் சின்னம் என்று நான் தள்ளினால், அவளை வாசலிலிருந்து தள்ளியவர்களைவிட நான் எந்த வகையில் மேல்?

இன்னொரு பதில், மரபு எல்லாருக்கும் பொது என்பது. கோலத்துக்கு உரிமையாளர் இல்லை, காலால் மிதிபட்டு மத்தியானத்துக்குள் அழிந்துபோவது, யாரும் எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'எல்லாரும்' யார் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோயிலுக்குள் எல்லாரும் போகலாம் என்று சென்னை மாகாணத்தில் ஒரு முழுமையான சட்டம் வந்ததே 1947இல்தான். எங்கள் வாசலுக்குச் சாணி கொண்டுவந்து கொடுத்த அம்மா காலனியிலிருந்து வருவாள். பூசணிப்பூவைச் செருகி வைக்கும் உருண்டைக்கும் அவள் கொண்டுவந்த சாணிதான். அவள் வீட்டு வாசலில் என்ன கோலம் போட்டாள் என்று நாங்கள் யாரும் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பொது என்ற சொல் வரும்போதெல்லாம் உழைத்தவர்களின் பெயர் முதலில் காணாமல் போகிறது.

மூன்றாவது பதில், மீட்டெடுப்பது. பெண்ணியம் பேசுகிற நம்மில் பலருக்கும் பிடித்த பதில் இது. நாகர்கோவில் பக்கம் ஆடிச் செவ்வாயில் பெண்கள் மட்டும் கூடிக் கொழுக்கட்டை அவித்து, ஆண்பிள்ளை கண்ணில் படாமல் ஔவையார் நோன்பு கும்பிடுகிறார்களே, அதுபோலப் பெண்களே வைத்துக்கொண்ட வெளிகள் நம் மரபில் உண்டு. அவற்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் நம்முடையதாக்கலாம் என்பார்கள். நானும் முயன்றேன். அயர்லாந்திலிருந்து வந்த ஆண்டு மார்கழி முதல்நாள் கோலமாவுக் கிண்ணத்தை அத்தையின் கையில் கொடுத்தேன். இன்றைக்கு நீ வாசலில் போடு, நான் பார்த்து வரைகிறேன் என்றேன். என் மனதில் படம் தயாராக இருந்தது: நரைத்த தலை, வெற்று நெற்றி, குனிந்த முதுகு, கீழே வெள்ளைக் கோடு.

அத்தை கிண்ணத்தைத் திண்ணையில் வைத்தாள். "நாப்பத்தேழு வருஷமா வராதவ, உன் படத்துக்காக வாசலுக்கு வரணுமாடி?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டு எனக்காகச் செய்திருந்தேன். அவளை உள்ளே நிற்கவைத்தவர்களும் அவளைக் கேட்கவில்லை, வெளியே இழுத்த நானும் கேட்கவில்லை. மீட்டெடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அதை யார் செய்வது, எப்போது செய்வது என்பது இழந்தவள் கையில் இருக்க வேண்டும். என் ஓவியத்துக்கு ஒரு உச்சக்கட்டம் தேவைப்பட்டது என்பது அவளுக்கு விடுதலை ஆகாது.

அடுத்த ஆண்டு ஒரு நிறுவனம் நாள்காட்டிக்குப் பன்னிரண்டு படம் கேட்டது. தமிழ் மாதங்கள், பருவம், பண்டிகை. அயர்லாந்து நோட்டு என்னை இளக்கியிருந்தது. இப்போது சொந்த மாதங்கள் என் கைக்கு வந்தன. ஆடிக்கு, தாய்வீட்டுத் திண்ணையில் கால் நீட்டித் தூங்கும் புதுப்பெண்ணைப் போட்டேன். அவளுக்கு அது பிரிவா ஓய்வா என்று பார்ப்பவர்கள் சொல்லட்டும் என்று விட்டேன். மார்கழிக்கு அத்தையின் நோட்டிலிருந்து அந்தப் பதினைந்து புள்ளிக் கோலம். அவளைக் கேட்டுத்தான் எடுத்தேன். எடுத்துக்கோ என்றாள். அறுபதாயிரம் ரூபாய் வந்தது. படங்களின் கீழே என் பெயர் மட்டும் இருந்தது.

அச்சாகி வந்த நாள்காட்டியை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மார்கழிப் படத்துக்கு வந்தாள். ஆள்காட்டி விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள். வரிசை வரிசையாக, உதடு அசைய. எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறிப் பதினைந்துக்குப் போய், மறுபடி எட்டுக்கு இறங்க வேண்டும்.

"நூத்தி அறுவத்தொம்போது வரணும். நூத்தி அறுவத்தெட்டுதான் இருக்குது. ஓரத்துல ஒண்ணு வுட்டுட்ட."

பார்த்தேன். கடைசி வரிசையின் வலது ஓரத்தில் கோடு வளைந்து திரும்பும் இடத்தில் புள்ளி இல்லை. அழகாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

"அடுத்த தடவ உன் பேரையும் போடச் சொல்றேன் அத்தை" என்றேன். குற்றவுணர்வில் சொன்னது.

"பேர வெச்சிக்கினு நான் என்ன பண்ணப்போறேன்? காசு எவ்ளோ வந்துச்சி?"

சொன்னேன். மனக்கணக்குப் போட்டாள். "அப்ப ஒரு படத்துக்கு அஞ்சாயிரம். கோலம் என்னுது, படம் உன்னுது. பாதி குடு."

இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தேன். எண்ணினாள். ஐந்நூறை எடுத்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். "இத்தினி வருஷம் குனிஞ்சது அவதான்." இன்னொரு ஐந்நூறைத் தனியாக மடித்தாள். சாணி கொண்டுவந்த அம்மா இறந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. அவள் மகள் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். "அவகிட்ட குடுத்துடு. உங்கம்மா பங்குன்னு சொல்லு." கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் சிரித்தாள். "அம்மா போட்ட சாணிக்கு இப்பதான் பணம் வருதா" என்றாள். சிரிப்பில் வேறொன்றும் இருந்தது. ஐந்நூறு ரூபாயில் தீருகிற கணக்கு இல்லை அது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் தத்துவமாக யோசித்துக்கொண்டிருந்ததை அத்தை மூன்று நோட்டுக்கட்டாகப் பிரித்து முடித்துவிட்டாள். அன்றைக்குப் புரிந்ததை இப்படிச் சொல்லலாம். மரபிலிருந்து வரும் தூண்டுதல் வரமும் இல்லை, திருட்டும் இல்லை, கடன். இரண்டு வருடம் குற்றவுணர்வில் நான் எதையும் தொடாமல் இருந்தேன். அதனால் யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனமில்லை. கடன் என்று எண்ணினால் கேள்விகள் வேறாகின்றன. யாரிடம் வாங்கினேன்? இதைச் சுமந்தவர்கள் யார்? இதிலிருந்து தள்ளப்பட்டவர்கள் யார்? நான் வரைந்ததில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள்? சில கடனைப் பணமாகத் தீர்க்கலாம், சிலதைப் பெயராக, சிலதை உண்மையைச் சொல்வதால். சிலது தீராது; தீராது என்று எழுதி வைக்க வேண்டும். பாலிவோர்னி மரத்தை இனி எங்காவது அச்சிட்டால், சுவரில் உட்கார்ந்திருந்த பாட்டியும் அந்தப் படத்தில் இருப்பாள். அவள் இல்லாத மரம் அழகாக இருக்கும், முழுசாக இருக்காது.

நாள்காட்டி எங்கள் கூடத்தில் தொங்குகிறது. மார்கழிப் பக்கத்தின் ஓரத்தில் அத்தை நீலப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். அச்சு மையில் சேராமல் தனியாகத் தெரிகிறது.

இந்தத் தை மாதம் அழிஞ்சில் மரத்தை வரையத் தொடங்கியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு மலைப்பாதையில் போய் உட்காருவேன். துணிகள் சாயம் போய் ஒரே நிறமாகிவிட்டன. எது யாருடையது என்று சொல்ல முடியாது. அம்மாவிடம் எனக்காகக் கட்டியபோது என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். நல்லா இருக்கணும்னுதான் என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

நேற்று அத்தை படத்தைப் பார்த்தாள். கிளைகளை மட்டும் வரைந்திருந்தேன், துணி இன்னும் வரவில்லை.

"அதுல நானும் ஒண்ணு கட்டியிருக்கேன்" என்றாள்.

"எப்ப அத்தை? எதுக்கு?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? வரையறதுன்னா வரை."

ஒரு துணி கூடுதலாக வரைந்துகொண்டிருக்கிறேன். எதற்குக் கட்டியது என்று தெரியாமலே.